கடைமடையில் ஐந்து ரெலோங்: வாழைத் தோட்டத்துக்கு வந்து சேராத தண்ணீரின் கணக்கு

ஐம்பத்தைந்து வயது நிறைந்ததும் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பினாங்கின் வட செபராங் பிறையில், மூடா ஆற்றுக்குத் தெற்கே நெல் வயல்களை ஒட்டிய ஐந்து ரெலோங் நிலத்தை 2023 ஆகஸ்டில் மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தேன். ஐந்து ரெலோங் என்பது ஏறத்தாழ 1.44 ஹெக்டேர். பட்டர்வொர்த்திலும் பிறையிலும் பினாங்குத் தீவிலும் வாழையிலைச் சாப்பாடு போடும் உணவகங்கள் நிறைய இருப்பதால், இலைக்காகவே வாழை வைத்தால் மாதந்தோறும் கையில் பணம் புரளும் என்று கணக்குப் போட்டேன். முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். குழாய், பம்பு, அழுத்தம் எல்லாம் எனக்குப் பழக்கமானவை என்பதால் தண்ணீரைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்தத் தோட்டத்தில் இதுவரை போட்ட பணம் 44,700 ரிங்கிட். அதில் 18,200 ரிங்கிட், தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் செய்த செலவு. அந்த 18,200 ரிங்கிட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். குத்தகைக்கு நிலம் தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் சிலர் அண்மையில் என்னிடம் விவரம் கேட்டதே இதை எழுதக் காரணம்.

நான் நிலத்தைப் பார்க்கப் போனது ஆகஸ்டு மாதம். நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள்; பாசனக் கால்வாய் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வயல்கள் முழுவதும் நீர் நின்று வானம் தெரிந்தது. அந்தக் காட்சியைக் கண்டு, இங்கே தண்ணீர்ப் பஞ்சம் எப்படி வரும் என்று நினைத்துக் கையெழுத்திட்டேன். மூன்று ஆண்டுக் குத்தகைப் பணம் 9,000 ரிங்கிட்டையும் முன்பணமாகவே கொடுத்தேன். நிலத்துக்கும் கால்வாய்க்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மண் வாய்க்கால் இருந்தது. கால்வாய்க் கரையில் பம்பை வைத்து வாய்க்காலில் இறைத்தால் தண்ணீர் தானாகத் தோட்டத்துக்கு ஓடி வந்துவிடும் என்று நிலத்துக்காரர் சொன்னார். அந்த வாய்க்கால் எந்த மண்ணின் மீது ஓடுகிறது என்று நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. செபராங் பிறையில் பெர்மாத்தாங் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பல இருப்பதை எல்லாரும் அறிவோம். பெர்மாத்தாங் என்றால் பழைய கடற்கரையோரம் மேடிட்டு நின்ற மணல் திட்டு. என் வாய்க்கால் அப்படி ஒரு திட்டின் முதுகைக் கடந்து வந்தது. ஊர்ப்பெயரே மண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

செப்டம்பரில் மூன்று மீட்டர் இடைவெளியில் 1,600 கன்றுகளை நட்டோம். நவம்பர் வரை மழை தாராளமாகப் பெய்ததால் பம்பைத் தொடவே தேவைப்படவில்லை. டிசம்பர் பிற்பாதியில் மழை நின்றது. தீபகற்பத்தின் வடக்கே ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம் என்பது தெரிந்ததுதான். அந்த ஆண்டு எல் நினோவும் சேர்ந்திருந்தது. ஜனவரி நடுவில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தபோது கால்வாயில் அடிச்சேறு தெரிந்தது; அங்கங்கே குட்டையாக நின்ற நீரில் கொக்குகள் மீன் கொத்திக்கொண்டிருந்தன. மதகருகே இருந்த மலாய்ப் பெரியவரிடம் கேட்டேன். நெல் அறுவடைக்கு வந்துவிட்டது, வயல் காய வேண்டும், இனி அடுத்த போகத்துக்குத்தான் தண்ணீர் விடுவார்கள் என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, ஐந்து வாரமாவது ஆகும் என்றார். அவர் சொன்ன விதத்தில் ஒரு வியப்பும் இல்லை, ஆண்டுதோறும் நடப்பதுதானே. எனக்கோ வயிறு கலங்கிவிட்டது. என் பயிருக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் வாரங்களில்தான், நெல்லின் நாட்காட்டிப்படி கால்வாய் காய்கிறது. நெல்லுக்காக வெட்டிய கால்வாய் நெல்லுக்குத்தான் பதில் சொல்லும். வாழையோ காய்கறியோ மல்லிகையோ வைக்க நினைப்பவர் நிலத்தை ஆகஸ்டில் பார்க்காமல் பிப்ரவரியில் போய்ப் பார்க்க வேண்டும். கால்வாய் எந்த வாரம் மூடும், எந்த வாரம் திறக்கும் என்பதைக் குத்தகை பேசுமுன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூடும் வாரங்களுக்கு வேறு நீர் இல்லையென்றால் அந்த நிலத்தை விட்டுவிடுவதே நல்லது.

அந்த ஐந்து வாரங்களில் நான் பட்ட பாட்டை வீட்டில் முழுமையாகச் சொல்லவில்லை. வாழையிலை தண்ணீருக்கு ஏங்கும்போது நடுநரம்பின் இரு பக்கமும் மடிந்து தொங்கும். முதலில் நண்பகலில் மட்டும் மடிந்து மாலையில் நிமிர்ந்தது. பிறகு மாலையிலும் நிமிரவில்லை. ஓரம் கருகிய இலையை எந்த உணவகமும் வாங்காது. பேசி வைத்திருந்த இரண்டு உணவகங்களும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. அந்த நேரத்தில்தான் பாசனக் கருவி விற்கும் ஒருவர் அறிமுகமானார். "அண்ணே, சொட்டுநீர் போட்டா நூத்துக்குத் தொண்ணூறு தண்ணி வேருக்கே போயிடும், ஒண்ணும் வீணாகாது" என்றார். பயந்திருப்பவன் காதில் அந்தத் தொண்ணூறு மட்டுமே விழுந்தது. பிப்ரவரியில் 13,500 ரிங்கிட் கொடுத்து ஐந்து ரெலோங்குக்கும் சொட்டுக் குழாய் போட்டேன். அந்த எண் பொய்யில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் பாசனக் கையேட்டில், வயலுக்குள் நீரைக் கொடுக்கும் திறன் மேற்பரப்புப் பாசனத்தில் 60 விழுக்காடு, தெளிப்பில் 75, சொட்டில் 90 என்றே இருக்கிறது. ஆனால் அந்தத் தொண்ணூறு, வயலின் வாசலுக்கு வந்து சேர்ந்த தண்ணீரில்தான். வாசலுக்கு வருமுன் வழியில் போனதற்கு அதில் கணக்கே கிடையாது.

பிப்ரவரி முடிவில் கால்வாயில் தண்ணீர் வந்தது. பம்பைத் தட்டிவிட்டு நாளுக்கு நான்கு மணி நேரம் இறைத்தேன். அப்படியும் தோட்டத்தின் கீழ்ப்பாதியில் இலைகள் நிமிரவில்லை. பம்பு சிறியது என்று முடிவு கட்டி, 2,600 ரிங்கிட்டுக்கு மூன்று அங்குலப் பம்பு ஒன்றை வாங்கி வைத்தேன். தண்ணீர் வாய்க்காலின் தாழ்வான கரைகளில் வழிந்து பக்கத்துப் புல்வெளியை நனைத்ததே தவிர, தோட்டத்துக்கு வந்தது அவ்வளவாகக் கூடவில்லை. மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் சொட்டுவாய்கள் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டன. ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினேன். களிமண் பசை போலச் சுருண்டு விழுந்தது. கால்வாய் நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்தால் அடியில் எவ்வளவு சேறு படிகிறது என்பது காலையில் தெரிந்துவிடும். காசு செலவில்லாத அந்தச் சோதனையைக் குழாய் வாங்குமுன் செய்திருக்க வேண்டும். சேறு ஒரு விரற்கடை படிந்தால், படிவுத் தொட்டியும் மணல் வடிகட்டியும் இல்லாமல் சொட்டுநீரைப் பற்றிப் பேசவே கூடாது. எனக்கு விற்றவர் வலை வடிகட்டி ஒன்றை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

தண்ணீரை அளக்கும் எண்ணம் எனக்கு வீட்டிலிருந்துதான் வந்தது. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கில் முன்னறிவிப்போடு நீர் விநியோகம் நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்காக 200 லிட்டர் நீலப் பீப்பாய்கள் இரண்டு வாங்கியிருந்தோம். அந்த நான்கு நாளும் சமையலுக்கு இத்தனை வாளி, குளிக்க இத்தனை வாளி என்று என் மனைவி சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். மார்ச் கடைசியில் பின்கட்டில் காலியாகக் கிடந்த அந்தப் பீப்பாயையும் சுவரில் அழியாமல் இருந்த கோடுகளையும் பார்த்தபோது, வீட்டில் வாளி வாளியாக எண்ணிய நான் தோட்டத்தில் ஒரு வாளியைக்கூட எண்ணவில்லையே என்று பட்டது. மறுநாளே பீப்பாயை லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பழைய இரண்டு அங்குலப் பம்பின் வாயில் பீப்பாயை வைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். 200 லிட்டர் நிறைய 25 வினாடி ஆயிற்று. அதாவது வினாடிக்கு 8 லிட்டர். பிறகு வாய்க்கால் தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் குழி தோண்டிப் பீப்பாயை இறக்கி, கரையின் குறுக்கே ஒரு பிவிசி குழாயைச் செருகிச் சுற்றிலும் களிமண் பூசி, தண்ணீர் முழுவதும் குழாய் வழியே பீப்பாயில் விழும்படி செய்தேன். பம்பு ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் அளந்தேன். காய்ந்த வாய்க்கால் முதலில் நிறையக் குடிக்கும் என்பதால் ஓட்டம் நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும். நிறைய 50 வினாடி ஆயிற்று. நான்கு முறை அளந்தேன். 48-லிருந்து 52 வினாடிக்குள்ளேயே நின்றது. கால்வாயில் புறப்பட்ட தண்ணீரில் சரிபாதி என் தோட்டத்துக்கு வரவே இல்லை. அந்த இடத்தில் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாகப் பெட்ரோல் போட்டு இறைத்ததில் பாதி எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அது ஆவியாகப் போகிறதா, மண்ணுக்குள் போகிறதா என்று அறிய இன்னொரு சோதனையும் செய்தேன். வாய்க்காலின் மணல் திட்டுப் பகுதியில் பத்து மீட்டர் நீளத்துக்கு இரு முனையையும் மண்மூட்டையால் அடைத்து, நீர் நிரப்பி, அளவுகோல் ஒன்றை நட்டு வைத்தேன். பக்கத்திலேயே அகன்ற பாத்திரம் ஒன்றில் அதே அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தேன். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் வாய்க்கால் நீர் 12 சென்டிமீட்டர் இறங்கியது. பாத்திரத்தில் 2 மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. ஆக வெயில் எடுத்தது சொற்பம். மண் எடுத்ததுதான் எல்லாம். நீர் இறங்கிய பிறகு கரையை உற்றுப் பார்த்தால் பெருவிரல் நுழையும் அளவுக்கு நண்டு வளைகள். கை நீட்டும் தூரத்துக்குள் ஏழு எண்ணினேன். ஒரு வளையின் வாயில் வைக்கோல் துண்டைப் போட்டபோது அது சுழன்று உள்ளே போய் மறைந்தது. இருநூறு மீட்டருக்கு மேல் நீளும் மண் வாய்க்கால், மணற்பாங்கான நிலத்தில் நன்றாகப் பராமரிக்கப்பட்டால் எழுபது விழுக்காட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அதே கையேடு சொல்கிறது. என்னுடையது ஐம்பது. அந்த இருபதின் வேறுபாடு பெரும்பாலும் நண்டு வளையும் புல்லும் உடைந்த கரையும்தான் என்று நான் கருதுகிறேன்.

இதற்குப் பிறகுதான் முழுக் கணக்கையும் போட்டேன். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் என்றால் 10 கன மீட்டர். வறண்ட நாளில் வாழை 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீரைச் செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டால் என் 1.44 ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 72 கன மீட்டர் வேண்டும். கன்றுக்கு 45 லிட்டர். நான் நான்கு மணி நேரம் இறைத்தது 115 கன மீட்டர். தாராளம் என்றே நினைத்திருந்தேன். வாய்க்காலில் பாதி போய் வாசலுக்கு வந்தது 58. சொட்டுக் குழாய் அடைத்துக்கொண்ட பின் பழையபடி சால் வழியாகவே, அதாவது வாழை வரிசைகளுக்கு இடையே வெட்டிய நீண்ட பள்ளங்களின் வழியாகவே விட்டதால் அதிலும் நூற்றுக்கு அறுபதுதான் வேரில் தங்கும், அது 35. தேவையில் பாதிகூட இல்லை. புறப்பட்டதில் வேருக்குச் சென்றது நூற்றுக்கு முப்பது. பாசனத் திட்டம் ஒன்றின் மொத்தத் திறன் 50 முதல் 60 விழுக்காடு இருந்தால் நன்று, 40 இருந்தால் பரவாயில்லை, 20 முதல் 30 என்றால் மோசம் என்று கையேடு வகைப்படுத்துகிறது. ஆளைப் பார்த்து அல்ல, எண்ணைப் பார்த்துத்தான் நோய் தெரிந்தது. பம்பின் வாயிலும் தோட்டத்தின் வாசலிலும் என இரண்டு இடத்திலாவது அளக்காமல், எந்தக் கருவிக்கும் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்க வேண்டாம் என்று கேட்பவர்களிடம் இப்போது சொல்கிறேன். பீப்பாய் இல்லாதவர்கள் வாய்க்காலில் நேரான பத்து மீட்டரை அளந்து, ஆரஞ்சுப் பழம் ஒன்றை மிதக்கவிட்டு, அது கடக்கும் வினாடியை எண்ணலாம். கிடைக்கும் வேகத்தை வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி, மேற்பரப்பு நீர் வேகமாக ஓடும் என்பதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், தோராய அளவு கிடைத்துவிடும்.

இதுவரை நடந்ததைத் தண்ணீர் இழப்பு என்றே சொல்லி வந்தேன். அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகப் பயன்படுத்தக் கூடாது என்பதை அடுத்த ஆண்டு கற்றேன். 2024 டிசம்பரில் 4,800 ரிங்கிட் செலவில் ஐந்நூறு மீட்டர் வாய்க்காலுக்கும் தடித்த நெகிழித் தாள் விரித்து மூடினேன். 2025 பிப்ரவரி கடைசியில் கால்வாய் திறந்தபோது கடைமடையில், அதாவது வாய்க்கால் தோட்டத்துக்குள் நுழையும் கடைசி முனையில், 200 லிட்டர் 27 வினாடியில் நிறைந்தது. மகிழ்ச்சியில் அன்றைக்கே பக்கத்தில் இன்னும் இரண்டு ரெலோங் குத்தகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தேன். மார்ச் இரண்டாம் வாரத்தில், வாய்க்காலை ஒட்டிக் கருவேப்பிலையும் மல்லிகையும் வைத்திருக்கும் ஒரு பெரியம்மா என்னைத் தேடி வந்தார். தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டி, பிறகு இங்கே வந்து நாற்பது ஆண்டாக அந்த அரை ரெலோங்கில் வாழ்பவர். "தம்பி, அந்த வாய்க்கால்ல தண்ணி ஓடுனா நாலு நாள்ல எங்க கெணறு ஏறும். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம் தண்ணி ஓடுது, கெணறு ஏறவே இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரோடு போய் அவர் கிணற்றை எட்டிப் பார்த்தேன். உறைக் கிணறு, ஆழம் குறைவு. ஈரத்தின் பழைய கறை நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில் நின்றது. நான் வீணாகிறது என்று அடைத்த தண்ணீரைத்தான் அவர் நாற்பது ஆண்டாக இறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வறட்சியாலும் கிணறு இறங்கியிருக்கலாம் என்பதால், அவர் நிலத்தை ஒட்டிய 180 மீட்டருக்குத் தாளைச் சுருட்டி எடுத்துவிட்டு வழக்கம்போல் இறைத்தேன். ஐந்தாம் நாள் கிணற்றில் ஒரு சாண் ஏறியிருந்தது. அதன் பிறகு அந்தத் தாளை நான் விரிக்கவே இல்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கொழும்பில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த டேவிட் செக்லர் 1996-இலேயே இதை எழுதியிருக்கிறார். ஒருவர் வயலில் கசிந்தது கீழே இன்னொருவருடைய கிணற்றுக்கோ ஆற்றுக்கோ திரும்பிப் போகுமானால், அதை அடைப்பதால் ஆற்றுப்படுகை முழுமைக்கும் ஒரு சொட்டும் மிச்சமாவதில்லை. காகிதத்தில் மட்டுமே மிச்சம். கடலுக்கோ உப்புநீருக்கோ போகவிருந்ததையும், யாருக்கும் பயனில்லாமல் ஆவியாகவிருந்ததையும் பிடித்தால்தான் அது உண்மையான சேமிப்பு. 2018-இல் சயன்ஸ் இதழில் குவென்டின் கிராஃப்டனும் உடன் ஆய்வாளர்களும், பாசனத் திறன் உயர்ந்த இடங்களில் நீர்ச் செலவு குறைவது அரிது என்றும், மிஞ்சிய நீரைக் கொண்டு உழவர்கள் பரப்பைக் கூட்டுகிறார்கள் அல்லது அதிக நீர் கேட்கும் பயிருக்கு மாறுகிறார்கள் என்றும் எழுதினார்கள். இரண்டு ரெலோங்கை விசாரித்த எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு சுருக்கென்றது.

எங்கள் மூடா ஆறும் அப்படித்தான் பலருக்குப் பங்கிடப்பட்ட ஆறு. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளம், 4,200 சதுர கிலோமீட்டர் படுகை. கெடாவின் மலைக்காட்டில் பிறந்து, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலில் கலக்கிறது. மேற்பகுதியில் மூடா அணையில் தேங்கும் நீர், ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே பெடு அணைக்குப் போய், வேறொரு படுகையில் இருக்கும் கெடாச் சமவெளியின் நெல்லுக்குப் பாய்கிறது. அந்தப் பாசனத் திட்டம் 1970-களில் வேரூன்றி, ஒரு லட்சம் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தில் இரு போக நெல்லைக் கொண்டுவந்தது. கீழ்ப்பகுதிக்கு நீரை ஒழுங்குபடுத்திவிட 2004-இல் பெரிஸ் அணை வந்தது. பினாங்கின் குடிநீருக்கான மூலநீரில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு இதே ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. என் கால்வாய்க்கும் என் வீட்டுக் குழாய்க்கும் நீர் கொடுப்பது ஒரே ஆறு என்பதை, இரண்டிலும் தண்ணீர் நின்ற அந்த ஜனவரியில்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. காரணம் வேறு வேறு, ஆறு ஒன்று.

இந்தப் பார்வையோடு தோட்டத்தைத் திரும்பப் பார்த்தபோது, நான் அடைக்க வேண்டிய ஓட்டை வேறு இடத்தில் திறந்து கிடந்தது. என் சால்களின் கீழ்முனை பெரிய வடிகாலில் திறந்திருந்தது. தண்ணீர் விடும் நாளில் சால் வழியே ஓடி முனையில் வழிவது, அந்த வடிகால் வழியாகக் கடலோர அலைத்தடுப்பு மதகுக்குப் போய், கடல் நீர் இறங்கும் நேரத்தில் உப்பு நீரில் கலந்துவிடுகிறது. அதை மேலே யாரும் இறைப்பதில்லை. கீழே யாருடைய கிணறும் இல்லை. ஒரு நாள் சால் முனைகளில் நின்று பார்த்தபோது, தோட்டத்துக்குள் வந்ததில் நான்கில் ஒரு பங்காவது அங்கே வழிந்துகொண்டிருந்தது. கெடாவின் பெரிய பாசனத் திட்டத்தில் வடிகாலுக்குப் போன நீரைப் பம்பு வைத்துக் கால்வாய்க்கே திரும்ப ஏற்றுகிறார்கள் என்று படித்திருந்தேன். அதைச் சிறிய அளவில் செய்தேன். சால் முனைகளை அடைத்து, தாழ்ந்த மூலையில் பன்னிரண்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் அளவில் ஒரு குட்டை வெட்டி, வழிவதை அதில் சேர்த்து, சும்மா கிடந்த பெரிய பம்பைக் கொண்டு மேல் சால்களுக்கே திரும்ப இறைத்தேன். ஆள் கூலிக்கு 900 ரிங்கிட் ஆயிற்று. தொடக்கத்தில் சொன்ன 18,200 ரிங்கிட்டில் இது சேரவில்லை. நீண்ட சால்களை நடுவில் வெட்டிப் பாதி நீளமாக்கினேன். சால் நீண்டால் தலைமாட்டில் நீர் வேரைத் தாண்டி ஆழத்துக்கு இறங்கி, கால்மாட்டில் நாக்கு நனையும் அளவுக்குத்தான் வரும்.

மனத்தில் நிற்கும் வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலுக்குத் தாள் போடுவதற்குமுன் அதன் இரு பக்கமும் நடந்து, யாருடைய கிணறு, யாருடைய குட்டை, யாருடைய மரம் அந்தக் கசிவை நம்பி நிற்கிறது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். கேட்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்திருக்கும். நண்டு வளையையும் உடைந்த கரையையும் அடைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. களிமண்ணைக் குழைத்து மிதித்து அடைத்தால் போதும், ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் திரும்பச் செய்ய வேண்டும். குத்தகைப் பணத்தை ஒரே தொகையாகக் கொடுக்காமல் போகத்துக்குப் போகம் கொடுப்பதாகப் பேச வேண்டும். கடைமடை நிலத்துக்கும் மேல்மடை நிலத்துக்கும் ஒரே குத்தகை கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது. எங்கள் தாத்தா தஞ்சைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் விதைநெல்லைத் தொடுவார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிறுவயதில் கேட்ட அந்தச் சொல்லின் பொருள் இந்த மண்ணில் ஐந்து ரெலோங்கை எடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காய்ந்துபோன 700 கன்றுகளுக்குப் பதிலாகப் புதிதாக வைத்தவை இப்போது இலை விடுகின்றன. சொட்டுக் குழாய்களில் பாதியைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டிருக்கிறேன், வாங்கிக்கொள்ள ஆளில்லை. வாய்க்காலில் 320 மீட்டருக்குத் தாள் இருக்கிறது, 180 மீட்டர் மண்ணாகவே இருக்கிறது. கடைமடையில் 200 லிட்டர் நிறைய 35 வினாடி ஆகிறது; சால் முனைகளையும் அடைத்திருப்பதால் அது போதுகிறது. கால்வாய் மூடும் ஐந்து வாரங்களுக்குக் குட்டை நீர் எட்டு நாளைக்குக்கூடக் காணாது என்பதால், அந்தக் காலத்தில் இலை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கன்றுகளை உயிரோடு வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் வாரம் இருமுறை கிழக்குப் பாதிக்கு நீர் விடலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். உணவகங்களிடமும் ஜனவரி, பிப்ரவரியில் இலை தர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும் ஒப்புக்கொண்டார். அவருக்கு வாரம் மூன்று நாள் காலையில் இலைக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன்.